முத்தையாவின் அச்சகம்



இலக்கியத் தொடரொன்றில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல நாவலொன்றின் நிதானத்தோடு சொல்லப்பட்ட படம் என்பதால், சேரனின் 'தவமாய் தவமிருந்து' பற்றி இன்று பேச விரும்புகிறேன். 2005இல் வெளிவந்த இப்படம், அவ்வாண்டுக்கான இந்தியத் தேசிய விருதுகளில் குடும்ப நலம் பற்றிய சிறந்த படமாகத் தெரிவு செய்யப்பட்டது.

தந்தையும் மகனும் மோதிக்கொள்ளும் கதை தமிழ்த் திரைக்குப் புதிதல்ல. 'கௌரவம்' (1973) படத்தில் பாரிஸ்டர், 'தங்கப்பதக்கம்' (1974) படத்தில் பொலிஸ் அதிகாரி, 'தேவர் மகன்' (1992) படத்தில் ஊர்ப் பெரியவர். மூன்றிலும் தந்தை நிலையில் நிற்பவர் சிவாஜி கணேசன்தான். தொழிலின் பெருமை, சட்டம், குடும்ப மானம் என்று பெரிய விடயங்களுக்காகவே அங்கே மோதல் மூளும். சேரனின் முத்தையாவுக்கு அப்படிப்பட்ட பதவி எதுவும் இல்லை. சிவகங்கைப் பக்கத்தில் ஒரு சிறிய அச்சகம், பிள்ளைகளைப் படிக்க வைக்க வாங்கிய வட்டிக் கடன், அவ்வளவுதான். 'என் ராசாவின் மனசிலே' (1991) படத்தில் நாம் கண்ட முரட்டு ராஜ்கிரணா இவர் என்று வியக்கும்படி, தோள் தாழ்ந்து, குரல் தாழ்ந்து, கடன்காரன் முன்னால் ஒதுங்கி நிற்கிறார்.

புசல்லாவைப் பக்கத்து லயமொன்றில், அக்கம்பக்கத்தார் கூடியிருக்க, இறுவட்டில்தான் இப்படத்தை நான் பார்த்தேன். தீபாவளி நெருங்குகிறது, முத்தையாவின் கையில் காசில்லை. இரவெல்லாம் அச்சு வேலை செய்து பிள்ளைகளின் பண்டிகையைக் காப்பாற்றுகிறார். அந்தக் கட்டத்தில் ஒரு முதியவர், "பாவம், அந்தாளுக்கு அட்வான்ஸ் குடுக்க ஒரு ஆபீஸ் இல்லையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் விடயம் புரிந்துதான் சிரித்தார்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் வாங்கினால், அது பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கழிக்கப்படும். ஒரு நாள் பண்டிகைக்குத் தகப்பன் பல மாதம் கணக்கு முடிக்கிறான். மகன் பட்டாசு கொளுத்துகிறான். கழிவுத் தொகை அச்சிட்ட சம்பளத் துண்டை அவன் பார்ப்பதில்லை.

இப்படத்தின் பலம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. முத்தையாவின் பிள்ளைகள் தகப்பனின் வேலையைக் கண்ணால் காண்கிறார்கள். மையின் மணத்தோடும் இயந்திரத்தின் சத்தத்தோடும் வளர்கிறார்கள். பின்னாளில் இளையவன் இராமலிங்கம், காதலித்த வசந்தியுடன் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய், அங்கே கூலிக்கு அல்லாடும்போது, தகப்பன் பட்ட பாடு அவனுக்கு உறைக்கிறதென்றால், அதற்கான வித்து அந்த அச்சகத்தில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் நிலைமை வேறு. 1840களில் கோப்பிக்காகக் காடு வெட்டிய இந்த மலைகளில், தகப்பனின் வேலை மகனுக்கு என்பதே நெடுங்கால வழக்கம். வயது வந்ததும் மகனின் பெயரும் செக்ரோலில் ஏறிவிடும். பள்ளிக்கூடங்கள் வளர்ந்த பிறகு, மகனின் பெயரை அந்தப் புத்தகத்தில் ஏற்றாமல் இருப்பதே தகப்பன் அவனுக்குச் செய்யும் பெரிய காரியமாயிற்று. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்து, 2021இல்தான் நிறைவேறியது. அந்தச் சம்பளத்தில் கம்பளைக்கும் கண்டிக்கும் உயர்தர வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளை நான் அறிவேன். ஆனால் அந்தப் பிள்ளை தகப்பன் கவ்வாத்து வெட்டுவதையோ, முள்ளுக் குத்துவதையோ, மழையில் கான் வெட்டுவதையோ அருகில் நின்று பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே தகப்பனின் வைராக்கியம்! அன்பின் காரணமாகவே இருவருக்கும் இடையில் ஒரு தூரம் விழுகிறது. முத்தையாவின் வீட்டில் இல்லாத சிக்கல் இது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சரண்யா நடித்த தாய் சாரதா, வீட்டுக்குள் இருந்து வருந்தும் தாய். மலையகத்தில் தாயும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். அவள் எடுத்த கொழுந்திலும் மகனின் பள்ளிச் செலவு இருக்கிறது. தந்தை-மகன் கதையென்று தனியே ஒன்றை எங்கள் லயங்களில் எழுத முடியாது.

படத்தின் பிற்பகுதியில் எனக்கு முழு உடன்பாடில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க முத்தையா சென்னைக்கு வரும் காட்சி உன்னதமானது; கோபத்தைச் சொல்லாமலே சொல்கிறார். அதற்குப் பிறகு இராமலிங்கம் ஊர் திரும்புகிறான்; மதுரையில் நல்ல வேலை கிடைக்கிறது; பெற்றோரை அழைத்து வந்து சீராட்டுகிறான். அவன் மனந்திருந்தியதை நம்புகிறேன். ஆனால் பட்ட கடனை அடைக்க அவனுக்கு ஒரு நல்ல சம்பளமும் வாய்த்துவிடுகிறது. அது வாய்க்காதிருந்தால்?

அப்படி வாய்க்காத மகன்மாரைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். உயர்தரம் வரை படித்து, கொழும்பில் கடைச் சிப்பந்தியாகி, முதலாளி கொடுப்பதில் மிச்சம் பிடித்து அனுப்புகிறவர்கள், "என்ன வேலை?" என்று தோட்டத்தில் கேட்டுவிடுவார்களே என்று ஊருக்கு வரக் கூசுகிறவர்கள். அவர்கள் தகப்பன் முன்னால் எப்படி நிற்பார்கள், தகப்பன் என்ன கேட்பார் என்பதற்குச் சேரனின் கதையில் இடம் வரவில்லை. தீபாவளிக்கு முதல் நாளிரவு கம்பளையிலிருந்து மேலேறி வரும் பஸ்ஸில் அப்படிப் பத்துப் பேராவது நின்றுகொண்டு வருவார்கள்.