பெரட்டுக்களமும் அணிவகுப்பும்



பட்டாளத்துக்காரர் மாதிரி ஒழுங்காக இருந்தால் முன்னேறலாம், அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலு மணிக்கு எந்திரிச்சு, தண்ணி பிடிச்சு, சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பிட்டு வேலைக்குப் போறவங்ககிட்ட ஒழுங்கைப் பத்தி என்ன சொல்ல? ஆனாலும் சொல்ல ஒரு கதை இருக்கு.

1943-ல் சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே ஜான்சி ராணி படை தொடங்கியது. தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கணும். பேர் கூப்பிடுவார்கள். பிறகு பால்மரம் வெட்டப் போகணும். முகாமிலும் அதிகாலையில் வரிசைதான், பேர் கூப்பிடுவதுதான். ஆனால் அங்கே கங்காணிக்குப் பயந்து நின்றவள், இங்கே தானே பேர் கொடுத்து நின்றாள். துப்பாக்கியோடு எழுத்தும் சொல்லித் தந்தார்கள். 1945-ல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்காகப் பகலில் மறைந்து இரவில் நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார். ஊக்குநர்கள் இதைக் கவனிக்கணும்: தாமதமா வந்தா அபராதம்னா, ஊக்குநருக்கும் அதே அபராதம்தான்! பிள்ளைக்குக் காய்ச்சல்னு வர முடியாதவகிட்ட அபராதம் வாங்குறது ஒழுங்கு இல்லை, கங்காணித்தனம்.

மாமியார் கூப்பிட்டா ஓடுறோம், மேஸ்திரி கூப்பிட்டா ஓடுறோம். வேலை நெருக்கினா நாம முதல்ல விடுறது குழுக் கூட்டத்தை. வாரத்தில் நமக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு மணி நேரம்தான். அதுக்குத்தான் காவல் போடணும். கூட்டம் போடாமலே தீர்மான நோட்டு வீடு வீடா வருது. அடுப்பில் குழம்பு கொதிக்குது, "இங்க ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்கிறார்கள், போட்டுடுறோம். யார் பேரில் எவ்வளவு கடன், தவணை எத்தனை, ஒண்ணும் தெரியாது. வங்கியிலிருந்து ஆள் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

அதனால் இந்த வாரமே ஒவ்வொரு குழுவும் கிழமையையும் மணியையும் முடிவு பண்ணி எழுதுங்க. நேரத்துக்கு உட்காருங்க. வருகைப் பதிவு, சேமிப்பு, கடன் தவணை எல்லாத்தையும் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. நோட்டு வீட்டுக்கு வந்தா, "கூட்டத்துல வாசிங்கம்மா, கேட்டுட்டுப் போடுறேன்"னு திருப்பி அனுப்புங்க.