கருவுறுமுன் வேண்டிய குளிசை

(இளைஞர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கர்ப்பிணிகள் நலம்பற்றி இளைஞர் கூட்டத்திற் பேசுவது என்ன பொருத்தம் என்று முன்வரிசைப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நாம் சொல்லவந்த செய்தி கர்ப்பந் தரித்தபின் கேட்டுப் பயன்படுவதன்று. ஆதலின், மணமாகாத இளைஞரும் அவர்களுக்கு மணம் பேசும் பெரியோரும் ஒருங்கே இருக்கும் இவ்வவையே அதற்குத் தக்க இடம்.

1928ஆம் ஆண்டிலே லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் பலர், ஆலைத்தொழிலாளர் உட்பட, கடுஞ் சோகையால் வருந்தினர். அச்சோகையிற் செங்குருதிக் கலங்கள் எண்ணிக்கையிற் குறைந்து, அளவிற் பருத்திருக்கும். வில்ஸ் அப்பெண்கள் உண்ணும் உணவை ஆராய்ந்தார். குன்னூருக்குச் சென்று, அவ்வேழை உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை கண்டது. மதுவம் எனப்படும் ஈஸ்ற் சேர்த்துக் கொடுத்தவிடத்து அது தடுக்கப்பட்டது. பின்னர் நோயாளிகளுக்கு ஈஸ்ற்றின் சாரத்தைக் கொடுத்தார், அவர்கள் தேறினர். அச்சாரம் வேறொன்றுமன்று, நம் வீடுகளிற் பாணுக்குப் பூசும் மாமைற்றேதான்! விலையுயர்ந்த ஈரற் சத்துக்கு ஏழைகள் எங்கே போவார்கள்? இம்முடிவுகள் 1931இல் வெளியாயின. அவ்வாண்டிலே சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார்.

மாமைற்றில் இருந்த அப்பொருளே இன்று நாம் போலிக் அமிலம் என்பது. 1941இல் அதனைப் பசளிக்கீரையினின்று பிரித்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயராயிற்று. 1945இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்று அதனைச் செயற்கையாக ஆக்கியது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நம்மிற் பலர் அறியாதது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்லவந்தது. சில குழந்தைகள் முள்ளந்தண்டு முற்றும் மூடாமலும், சில மண்டையோடும் மூளையும் உருவாகாமலும் பிறக்கின்றன. அவ்வாறு பிறந்த வீட்டிலே என்ன பேசுவர்? "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்பர். "மருமகள் வந்த ராசி" என்பர். பெற்றவள் அழுவதா, பழி கேட்பதா?

1980இல் இங்கிலாந்திலே சில வைத்தியர்கள், விற்றமின் குளிசை உண்ட தாய்மாரிடையே இக்குறை அருகியிருக்கக் கண்டனர். ஆயினும் ஐயம் தீரவில்லை. குளிசையை விரும்பி உண்டவர் இயல்பிலேயே நல்ல உணவும் வசதியும் உடையவராய் இருக்கலாமன்றோ? உண்மை அறியவேண்டின், யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கினாற்போலத் தீர்மானித்து, கொடுப்பவரும் உண்பவரும் அறியாதவாறு நடத்தல் வேண்டும். "சிலருக்கு மருந்தில்லாக் குளிசை கொடுப்பது நீதியா?" என்று அந்நாளிற் பலர் கடிந்தனர். அக்கேள்வி நல்லதே. எனினும், பயன் உண்டோ இல்லையோ என்று எவரும் அறியாத பொருளை எல்லோர்க்கும் ஊட்டுவதும் நீதியன்று என்பதே நம் கருத்து.

இறுதியில் 7 நாடுகளில், 33 நிலையங்களில் அப்பரிசோதனை நடந்தது. முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற 1,817 தாய்மார் மீண்டும் கருவுற எண்ணி அதிற் சேர்ந்தனர். ஒருமுறை பட்ட துன்பத்தை அறிந்தும் முன்வந்த அவர்களை எண்ணிப் பாருங்கள். 1991இல், முடிவு தெளிவாகிவிட்டமையின், பரிசோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. போலிக் அமிலம் பெற்ற 593 பேரில் 6 பேருக்கும், பெறாத 602 பேரில் 21 பேருக்கும் அக்குறையுள்ள கரு உண்டானது. நூற்றுக்கு 72 பங்கு காப்பு! முழுக் காப்பன்று, அந்த அறுவரும் குளிசை பெற்றவர்களே. ஆதலின், குறை நேர்ந்த தாயைக் குளிசை உண்ணவில்லை என்று பழிப்பதும் கிரகணப் பழியின் தம்பியே.

கருவின் நரம்புக் குழாய், கருவுற்ற 28ஆம் நாளளவிலே மூடிவிடுகின்றது. மாதவிலக்குத் தப்பி, நாட்கணக்குப் பார்த்து, மாமியாருக்குச் சொல்லி, கிளினிக்கிற்குப் போகும்போது அக்காலம் கடந்துவிடும். அதன்பின் உண்ணும் குளிசை சோகைக்கு உதவும், முள்ளந்தண்டுக்கு உதவாது. கீரை நன்றே. ஆயினும், கொதிக்கவைத்து நீரை ஊற்றிவிடும் நம் வழக்கத்தில் அதன் சத்திற் பெரும்பங்கு போய்விடுகின்றது.

ஆகவே, திருமணம் நிச்சயமானதும், கூறைச்சேலைக்கும் தாலிக்கொடிக்கும் பட்டியல் எழுதும் வேளையிலே, குடும்பநல மாதுவையும் ஒருமுறை கண்டு பேசுங்கள். மாப்பிள்ளைமாரும் உடன் செல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பொதுவாகப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பு இக்குறையுடன் குழந்தை பிறந்த வீட்டார் அதனை மறைக்காது வைத்தியரிடம் சொல்லிவிடவேண்டும். அவர்களுக்குரிய அளவு பெரிது. அப்பரிசோதனையிற் கொடுத்தது 4 மில்லிகிராம்.