நாற்காலியும் நாலு பேரும்

பெரிய ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்கவேண்டுமெனக் கேரளம் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தன. மிகவும் நன்று. ஆயினும், நால்வர் பார்க்கவேண்டிய பிரிவை ஒருவரே பார்ப்பாராயின், அந்த நாற்காலியில் அவர் அமர்வது எப்போது?

தலைமையாசிரியனாக இருந்தபோது நான் கண்டதுண்டு. இரண்டு வகுப்புகளை ஒருசேர நடத்தும் ஆசிரியர், எத்துணை ஆர்வமுடையவராயினும், அரையாண்டுத் தேர்வுக்குள் சோர்ந்துவிடுவார். அவருக்கு வேண்டுவது அறிவுரையன்று; துணைக்கு இன்னோர் ஆசிரியரே.

கடையிலும் அவ்வாறே. ஒருவருக்குப் புடவையை விரித்துக் காட்டி, அதனை மடித்து அடுக்குமுன்பே மற்றொருவருக்கு விடை கூறுபவரிடம் முகமலர்ச்சி எங்ஙனம் நிலைக்கும்? முதலாளிமார் அதனைச் சோம்பல் என்று கடிகின்றனர். புன்னகையைக் கட்டளையிட்டுப் பெற இயலாது. போதிய ஆட்களை நியமித்தால் அது தானே மலரும்.