நறுமணத்திற்கு ஓர் ஆசிரியர்

வாசனைத் திரவியக் கடையில் ஒரு குப்பியைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஆடை தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் அதன்மேல் இருக்கும். அல்லது ஒரு நடிகையின் பெயர் இருக்கும். அம்மணத்தைச் சிந்தித்து ஆக்கியவர் யார் என்பது மட்டும் தெரியாது. நான் 35 ஆண்டுகள் பாடநூல்களோடு வாழ்ந்தவன். அட்டையில் பதிப்பகத்தின் பெயர் மட்டும் இருந்தால், "எழுதியவர் யார், ஐயா?" என்று மாணவன் கேட்டுவிடுவான். நறுமண உலகில் அக்கேள்வியைப் பலரும் கேட்கவில்லை.

கேட்டவர் பிரெடெரிக் மால் என்னும் பிரெஞ்சுக்காரர். இவருடைய பாட்டனார் செர்ஜ் ஹெஃப்ட்லே லூயிஷ், கிறிஸ்தியான் தியோர் நறுமண நிறுவனத்தை 1947-இல் தோற்றுவித்தவர். பேரர் 2000-இல் பாரிசில் தமக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் 'நறுமணப் பதிப்புகள்' என்பது. தாம் பதிப்பாளர், கலைஞர்களே ஆசிரியர்கள். செலவுக்கு வரம்பில்லை, விற்பனைத் துறையாரின் ஆணையில்லை, காலக்கெடுவும் இல்லை. பணி நிறைவுற்றதும் ஆக்கியோன் பெயர் குப்பியின்மேல் பொறிக்கப்படும். முதலில் ஒன்பது கலைஞர்களின் ஒன்பது நறுமணங்கள் வெளிவந்தன.

பெயர் பொறிக்கும் அளவுக்கு அதில் என்ன படைப்பு என்று சிலர் வினவலாம். பூவைப் பிழிந்தால் மணம் வந்துவிடாதோ என்பர். 'லில்லி ஆஃப் தி வேலி' என்றொரு வெண்ணிற மணிப்பூ உண்டு. அதிலிருந்து பயன்படுமளவு தைலம் இறக்க இயலாது. எட்மண்ட் ரூத்னிட்ஸ்கா என்பவர் அப்பூவைத் தம் தோட்டத்தில் வளர்த்து, நாள்தோறும் முகர்ந்து, வேறு பொருள்களைச் சேர்த்தும் நீக்கியும் அதன் மணத்தை உருவாக்கினார். 1956-இல் வந்த 'தியோரிசிமோ' அதுவே. பூவில்லாமல் பூவை எழுதினார் என்பேன்.

இவர் தம் மனைவி தெரேசுக்கென ஒரு மணத்தைச் சமைத்திருந்தார். பல ஆண்டுகள் அவ்வம்மையார் மட்டுமே அதைப் பூசி வந்தார். ரூத்னிட்ஸ்கா 1996-இல் மறைந்தார். அதன்பின் தெரேசு இசைவளிக்க, மாலின் முதல் ஒன்பதில் ஒன்றாக அது வெளிவந்தது. ஒரு வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்கக்கூடிய படைப்பு, ஆசிரியர் பெயரோடு உலகுக்குக் கிட்டியது. அவர் மகன் மிஷேலின் ஆக்கமும் அதே வரிசையில் இடம்பெற்றது.

2005-இல் டொமினிக் ரோபியோன் நிலசம்பங்கியை மையமாக வைத்து 'கார்னல் ஃபிளவர்' என்ற மணத்தை அமைத்தார். மெக்சிகோவில் பிறந்து நம் சத்தியமங்கலம் வயல்களிலும் வேரூன்றிய பூ இது. பறித்தபின்னும் மணம் விடுவது அதன் இயல்பு. அதனால் பிரான்சின் கிராஸ் நகரத்தார் முன்னாளில் கொழுப்புத் தடவிய கண்ணாடிப் பலகைகளில் அதைப் பரப்பி மணத்தை ஏற்றினார்கள். இக்காலத்தில் கரைப்பான் கொண்டு சாறெடுக்கிறார்கள். நம் நாட்டு மல்லிகைச் சாறும் நிலசம்பங்கிச் சாறும் கடல் கடந்து அங்கே செல்கின்றன. கூடையோடு விடியலில் வயலில் இறங்குவோரின் பெயர் எந்தக் குப்பியிலும் இல்லை என்பதையும் இங்கே நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006 ஜூன் 13-ஆம் நாள் பிரான்சின் உச்ச நீதிமன்றம், நறுமணம் தொழில்திறத்தின் விளைவேயன்றிப் பதிப்புரிமைக்குரிய படைப்பாகாது என்றது. மூன்றே நாள் கழித்து நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், 'த்ரேசோர்' என்னும் மணத்தைப் பற்றிய வழக்கில், நறுமணமும் அவ்வுரிமை பெறக்கூடும் என்று தீர்ப்பளித்தது. எனக்கு இரண்டாவது தீர்ப்பே நேரியதாகப் படுகிறது. காதால் நுகர்வதற்கு ஆசிரியர் உண்டென்றால் மூக்கால் நுகர்வதற்கு ஏன் இருத்தலாகாது?

மாலின் குப்பிகள் மலிவானவையல்ல. எளியோர் கைக்கு எட்டா. அவ்வில்லமும் தனித்தே நிற்கவில்லை. எஸ்டே லாடர் என்னும் பெரிய அமெரிக்க நிறுவனம் அதை வாங்கப்போவதாக 2014-இல் அறிவித்து, பின்னர் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆயினும் ரூத்னிட்ஸ்கா, ரோபியோன் முதலிய பெயர்களை அக்குப்பிகளிலிருந்து நீக்கவில்லை.