கோழிக்குஞ்சுகளை வெளியில் விடுதலும் பெரிய கோழிகளுடன் சேர்த்தலும்

(கிராமக் கூட்டம் ஒன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

 

கூட்டுறவு இலாகாக்காரனுக்கும் கோழிக்குஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. சங்கத்தில் கடன் பெற்றுக் குஞ்சு வாங்குகிற ஏழைக் குடும்பங்களுக்கு, முட்டை விற்ற பணமே உப்புக்கும் மிளகாய்க்கும் பிள்ளைகளின் புஸ்தகத்துக்கும் உதவுகிற கைப்பணமாகும். குஞ்சு இறந்தால் அந்த வரவு நின்றுவிடுகிறது. ஆனால் கடன் இறப்பதில்லை. தவணை வந்தே தீரும். ஆகவே குஞ்சைக் காப்பாற்றும் வழியைச் சொல்வதும் எங்கள் கடமைகளுள் ஒன்றே.

பொரித்த முதல் வாரங்களில் குஞ்சுகளை எல்லோரும் ஜாக்கிரதையாகவே பார்க்கிறார்கள். கவனம் தளர்வது அதன் பிறகுதான். இறகு முளைத்துச் சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கியதும், “இனிப் பயமில்லை” என்று ஒருநாள் காலையில் கூண்டைத் திறந்து, பெரிய கோழிகள் மேயும் முற்றத்தில் விட்டுவிடுகிறார்கள். அன்று முழுவதும் அவை கொத்துப்படுகின்றன; இரை கிட்டாமல் மூலையில் ஒதுங்குகின்றன; இரவில் குளிரில் நடுங்குகின்றன; பத்து நாளில் கழிச்சல் கண்டு மடிகின்றன.

இதற்குக் காரணம் யாதெனில், குஞ்சு கடக்க வேண்டிய மாற்றங்கள் இரண்டு. சூட்டிலிருந்து திறந்த வெளிக்குப் போவது ஒன்று. தன் இனவயதுக் கூட்டத்திலிருந்து பெரிய கூட்டத்திற்குப் போவது மற்றொன்று. ஒவ்வொன்றையும் குஞ்சு தாங்கும். இரண்டையும் ஒரே நாளில் சுமத்தினால் தாங்காது. நான் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம் இது ஒன்றே.

தாய்க்கோழி வளர்க்கும் குஞ்சுகளைக் கவனியுங்கள். அது தொடக்கத்திலேயே அவற்றை வெளியே அழைத்துச் செல்கிறது. ஆனால் குளிர்ந்தவுடன் இறக்கைக்குள் அணைத்துக் கொள்கிறது. வேறு கோழி நெருங்கினால் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறது. தாய் குஞ்சுகளைப் பிரித்து விரட்டும் காலத்தில் அவை முற்றத்துக்குப் பழகியவை ஆகிவிடுகின்றன. பொரிப்பகத்திலிருந்து வாங்கி வரும் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை; தாய் செய்வதை நாம் செய்ய வேண்டும்.

முதலாவது, சூடு. முதல் வாரத்தில் விளக்கின் கீழ் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்து, வெளிக்காற்றின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெப்பமானி இல்லாதவர்களுக்குக் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் சூடு போதவில்லை. வாயைத் திறந்து இளைத்து ஓரத்தில் ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு.

இரண்டாவது, வெளிக்காற்று. நான்காம் வாரத்தில், மழையும் பலத்த காற்றும் இல்லாத ஒரு நாளில், பனி உலர்ந்த பின்பு அரை மணி நேரம் வெளியே விடலாம். மறுநாள் ஒரு மணி. பின்னும் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போகலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அவசரப்படலாகாது. இறகு முழுதும் மூடும் ஆறாம் வாரம் வரையில், பொழுது சாயுமுன் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். வெளியிடம் பாதி நிழலும் பாதி வெயிலுமாய் இருப்பது நலம். பருந்துக்கும் காகத்துக்கும் மேலே வலை வேண்டும். கீரிக்கும் பாம்புக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சுற்றிலும் அடித்து, அடியில் கல் அடுக்க வேண்டும். சில நாள் மட்டும் என்றால் மூங்கில் பஞ்சாரமே போதும்.

அந்த இடம் பெரிய கோழிகள் மேயாத, ஈரமில்லாத தரையாக இருப்பது அவசியம். ஏனெனில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்கிருமி பெரிய கோழியின் எச்சத்தில் வெளிப்பட்டு, ஈரத் தரையில் ஓரிரு நாளில் முற்றித் தொற்றும் தன்மை பெறுகிறது. பெரிய கோழிக்கு அதனால் தீங்கு தெரிவதில்லை, குஞ்சு மடிந்துவிடுகிறது. பஞ்சாரத்தைத் தினம் இடம் மாற்றி வைத்தால் இந்த அபாயம் வெகுவாய்க் குறையும்.

மூன்றாவது, தடுப்பு மருந்து. ராணிகேத் என்னும் மலையூரின் பெயரால் வழங்கும் வெள்ளைக் கழிச்சல், வந்தபின் தீர்க்க மருந்தில்லாத நோய். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கையடித் தோலில் ஊசியும் போட வேண்டும். ஊசி போட்டு இரண்டு வாரம் சென்ற பின்பே பெரிய கூட்டத்தில் சேர்ப்பது உசிதம். சந்தையில் வாங்கிய கோழியை எந்தக் கூட்டத்திலும் உடனே சேர்க்கக் கூடாது. மூன்று வாரமாவது ஒதுக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கூட்டத்தில் சேர்த்தல். கோழிகள் காரணமின்றிச் சண்டையிடுகின்றன என்று நினைக்கிறோம். அப்படியன்று. ஷெல்டெரூப் எப்பே என்ற நார்வே தேசத்து அறிஞர், கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை 1922-ம் வருஷத்தில் விவரித்து எழுதினார். புதியது வந்தால் அந்த வரிசை கலைகிறது. மறுபடி அமைய நாள் வேண்டும்.

ஆகையால் ஒன்பதாம், பத்தாம் வாரங்களில் கம்பிவலையின் ஒருபுறம் குஞ்சும் மறுபுறம் பெரியவையுமாக வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழக விடுங்கள். பதினொன்று அல்லது பன்னிரண்டாம் வாரத்தில், பெரிய கோழியின் உருவத்தில் மூன்றில் இரண்டு பங்கேனும் வளர்ந்த பின்பு, எல்லாவற்றையும் ஒருசேர விடுங்கள்; ஒற்றைக் குஞ்சை ஒருபோதும் விடாதீர்கள். விசாலமான முற்றத்தில் கீரையை ஆங்காங்கே இறைத்தால் பெரியவற்றின் கவனம் அதில் செல்லும். தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிரண்டு இடங்களில் இருக்கட்டும். குஞ்சு மாத்திரம் நுழையக்கூடிய சந்துள்ள பஞ்சாரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதுவே புகலிடம். ஓரிரு கொத்துக்கு இடையில் புகுந்து பிரிக்க வேண்டாம்; இரத்தம் கண்டால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கூட்டம் முழுவதும் அங்கேயே கொத்தும்.

தீனியிலும் எச்சரிக்கை வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றரை பங்கு இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு பங்கே போதும். அதிகமானால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்குஞ்சுத் தீவனத்தையே கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிச்சட்டியில் வைத்தால், முட்டையிடுபவை வேண்டிய அளவு பொறுக்கிக் கொள்ளும்.

இவற்றுள் அதிகச் செலவுள்ளது எதுவுமில்லை. தனியொருவருக்கு அசௌகரியமானது ஒன்று உண்டு. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் சாதாரணமாக நூறு கோழிகளுக்கான மருந்தாவது இருக்கும். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீண். ஒரு தெருவார் கூடி, நாள் குறித்து, கால்நடை மருந்தகத்திலிருந்து ஐஸ் பெட்டியில் ஒரே குப்பியைத் தருவித்தால் எல்லாக் குஞ்சுகளுக்கும் ஆகும். கம்பிவலைச் சுருளையும் அப்படியே முறைவைத்து உபயோகிக்கலாம். இந்தக் கூட்டம் கலையுமுன் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று தீர்மானித்துச் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.