கோபுரமும் நிலவறையும்

("மெட்ரோபோலிஸ்" திரைப்படம் காட்டப்பட்ட பின், தொழிற்சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடிய ஒரு பேசாப் படத்தை நாம் பார்த்து முடித்திருக்கிறோம். பகல் ஷிப்டு முடித்து வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வயலிலிருந்து நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை.

இந்தப் படம் 1927ம் ஆண்டு ஜனவரி 10ந் தேதி ஜெர்மனியில் பெர்லின் நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கதை எழுதியவர் தியா வான் ஹார்பு. டைரக்டர் அவருடைய கணவர் பிரிட்ஸ் லாங். படம் வெளிவந்த சில மாதங்களிலேயே வியாபாரிகள் அதை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டிய பகுதி தொலைந்தே போயிற்று. 2008ம் ஆண்டில் தென் அமெரிக்காவில், போனஸ் அயிர்ஸ் நகரில், ஏறக்குறைய முழுமையான ஒரு பிரதி கிடைத்தது. அதிலிருந்து எடுத்துச் சேர்த்து 2010ல் மீண்டும் வெளியிட்டார்கள். நாம் பார்த்தது அதுதான்.

படத்தில் வரும் நகரம் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. அது எதிர்காலத்து நகரம், கற்பனை நகரம். ஆனாலும் ஒரு தடவை பார்த்தவன் அதை மறக்க மாட்டான். எது அதற்கு இப்படி ஒரு தனி முகத்தைக் கொடுத்தது? வானத்தை முட்டும் கோபுரங்களா? கோபுரங்களுக்கு நடுவே பறக்கும் விமானங்களா? ஆகாயத்தில் பாலம் போட்டு ஓடும் ரயிலா? படித்தவர்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

நாம் சொல்லும் பதில் வேறு. அந்த நகரத்தின் முகத்தைத் தீட்டியது மேலே, கீழே என்ற ஒரே பிரிவினைதான். யார் எந்தத் தளத்தில் நிற்கிறான் என்பதுதான் அந்த நகரத்தின் அடையாளம்.

மூன்று அடுக்கு

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறோம்.

உச்சியில் பாபேல் கோபுரம். அதில் உட்கார்ந்து நகரம் முழுவதையும் ஆளுகிறான் ஜோ பிரெடர்சன் என்ற பெருமுதலாளி. மேல் தளத்தில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தய மைதானம் உண்டு. நீரூற்றும் பறவைகளும் உள்ள நந்தவனம் உண்டு. அங்கே வெள்ளை உடை, வெளிச்சம், திறந்த வெளி.

தரைக்குக் கீழே யந்திரக் கூடம். அங்கே நீராவி, புகை, கறுப்பு உடை.

அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருப்பு. பெட்டியை அடுக்கியதுபோல் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் வேற்றுமை கிடையாது. சூரியன் என்பதே கிடையாது. நடுவில் ஒரு திடல்; திடலில் ஒரு மணி. அவ்வளவுதான்.

இந்த மூன்று அடுக்கையும் இணைப்பது எது? லிப்டு. ஆட்களைக் கூட்டமாக ஏற்றி இறக்கும் லிப்டு. ஷிப்டு மாறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வேலைக்குப் போகும் வரிசை ஒரு பக்கம். வேலை முடித்துத் திரும்பும் வரிசை மறு பக்கம். இரண்டிலும் தலை குனிந்திருக்கிறது. ஆனால் திரும்பும் வரிசையின் நடை போகும் வரிசையின் நடையைவிட மெதுவாக இருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தில் முழு ஷிப்டின் களைப்பும் இருக்கிறது. இதை விளக்க வசனம் வேண்டாம். மில் வாசலில் நின்று பார்த்த எவனுக்கும் தெரியும்.

ஆகவே, கோபுரத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டினால் அது வெறும் உயரமான கட்டடம். அந்த லிப்டையும் வரிசையையும் அருகில் வைத்தால்தான் அது மெட்ரோபோலிஸ்.

பத்து மணிக் கடிகாரம்

சுவரில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தீர்களா? அதில் பன்னிரண்டு எண் இல்லை; பத்துதான் இருக்கிறது. அது நாளைக் காட்டும் கடிகாரம் அல்ல. ஷிப்டைக் காட்டும் கடிகாரம். முதலாளியின் மகன் பிரெடர், 11811 என்ற நம்பர் உள்ள தொழிலாளிக்குப் பதிலாக யந்திரத்தின் முன் நிற்கிறான். விளக்கு எரியும் இடத்துக்கெல்லாம் இரும்பு முட்களைக் கையால் இழுத்து நகர்த்த வேண்டும். விட்டால் ஆபத்து. கடைசியில் இந்தப் பத்து மணி நேரம் முடியவே முடியாதா என்று கதறுகிறான்.

இந்தக் கடிகாரம் வெறும் அலங்காரம் அல்ல, தோழர்களே! அதற்குச் சரித்திரம் உண்டு. 1918ம் ஆண்டு நவம்பரில் ஜெர்மன் தொழிலாளரும் சிப்பாய்களும் புரட்சி செய்து மன்னனை விரட்டினார்கள். அந்த மாதமே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 1919 ஜனவரி 15ந் தேதி ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெஹ்ட்டும் கொலை செய்யப்பட்டார்கள். பிறகு பணவீக்கம் வந்தது. சங்கங்கள் பலம் இழந்தன. 1923ம் ஆண்டு டிசம்பரில் புதிய உத்தரவு போட்டு, நாளுக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து இந்தப் படம் வருகிறது. பெர்லின் தொழிலாளி அந்தக் கடிகாரத்தில் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. தன்னிடமிருந்து பிடுங்கிய இரண்டு மணி நேரத்தைப் பார்த்தான்.

கற்பனை நகரம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இருக்கும் நகரத்தில் உள்ளதை எடுத்துப் பெரிதாக்கித்தான் அதைக் கட்டுகிறார்கள்.

வரைந்த கை, கட்டிய கை

1924ம் ஆண்டில் லாங் கப்பலேறி நியூயார்க் போனார். அங்கே இரவு விளக்கில் மின்னிய உயர்ந்த கட்டடங்கள் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டன. ஊபா என்ற பெரிய படக் கம்பெனியில் ஓட்டோ ஹுண்டே, எரிக் கெட்டல்ஹூட், கார்ல் போல்பிரெக்ட் என்ற மூன்று கலைஞர்கள் நகரத்தை வகுத்தார்கள். கெட்டல்ஹூட் வரைந்த ஆரம்பப் படம் ஒன்றில் நகரத்தின் நடுவே தேவாலயம் இருந்தது. அதை எடுத்துவிட்டு பாபேல் கோபுரத்தை வைக்கும்படி லாங் எழுதிக் கொடுத்தார். முன்பு ஊருக்கு நடுவே கோயில் நின்றது. இப்போது முதலாளியின் ஆபீஸ் நிற்கிறது! பழைய தேவாலயம் கோபுரங்களுக்கு இடையே ஒதுங்கிவிட்டது. முதலாளித்துவம் எதைக் கும்பிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு படத்தில் சொல்ல முடியாது.

அந்தக் கோபுரங்கள் உண்மையில் ஆளுயரப் பொம்மைகள்தான். பாலத்தின் மேல் ஓடும் கார்கள் விளையாட்டுச் சாமான்போலச் சிறியவை. அவற்றை விரலால் சிறிது நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது. மறுபடி நகர்த்துவது, மறுபடி எடுப்பது. நாட்கணக்கில் செய்த வேலை திரையில் சில விநாடிகளில் ஓடி மறைகிறது. யூஜின் ஷுப்டான் என்பவர் ஒரு கண்ணாடி வித்தை செய்தார். காமிராவின் முன் ரசக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஓர் இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டிவிடுவார். சுரண்டிய இடத்தின் வழியே நடிகர்கள் தெரிவார்கள். மற்ற இடத்தில் பொம்மைக் கட்டடம் பிரதிபலிக்கும். இரண்டும் சேர்ந்து, மாபெரும் கட்டடத்தின் கீழே மனிதன் நிற்பதுபோல் தோன்றும். இது கைத்திறன்; மதிக்க வேண்டிய உழைப்பு.

இன்னொரு உழைப்பையும் நாம் மறக்கலாகாது. 1926ம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் 20 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். பாபேல் கோபுரக் கதைக் காட்சியில் கல் இழுக்கும் அடிமைகளாக வருவதற்கு ஆண்கள் தலையை மழித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளக் காட்சியில் பெர்லினின் ஏழைப் பேட்டைகளிலிருந்து வந்த குழந்தைகள் குளிர்ந்த நீரில் பல நாள் நின்றார்கள். அந்தக் கதையில், கோபுரத்தைக் கனவு கண்டவன் வேறு, கல் சுமந்தவன் வேறு. ஒருவன் மொழி மற்றவனுக்குப் புரியவில்லை என்று மரியா சொல்லுகிறாள். படம் எடுத்த இடத்திலும் அதே கதைதான் நடந்தது!

இந்த நகரத்தில் இல்லாதவை

நிலத்தில் உழைக்கும் தோழர்கள் ஒன்று கேட்பீர்கள்: இவ்வளவு பெரிய நகரம் எதைத் தின்னுகிறது? வயல் எங்கே? நியாயமான கேள்வி. படம் முழுவதும் தேடினாலும் ஒரு வயல் இல்லை. பூந்தோட்டம் இருக்கிறது; தானியம் விளையும் நிலம் இல்லை. கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் யந்திரத் தொழிலாளியாவது கீழே தெரிவான். விவசாயி தெரியவே மாட்டான்.

இன்னொன்றும் இல்லை: சங்கம். தொழிலாளர்கள் நிலவறையில் இரகசியமாகக் கூடுகிறார்கள். ஆனால் அங்கே கமிட்டி இல்லை, கோரிக்கை இல்லை. பொறுத்திருங்கள், நடுவர் ஒருவர் வருவார் என்றுதான் மரியா உபதேசிக்கிறாள். முதலாளி என்ன செய்கிறான்? மரியாவைப் போலவே ஒரு யந்திர மனுஷியைச் செய்வித்து, தொழிலாளரைத் தூண்டிவிட அனுப்புகிறான். அவர்கள் வன்முறையில் இறங்கினால் தானும் பலாத்காரத்தால் அடக்கலாமே! இந்தக் கைக்கூலித் தந்திரம் நமக்குப் புதிதல்ல. தொழிலாளர்கள் யந்திரத்தை உடைக்கிறார்கள். வெள்ளம் அவர்கள் வீட்டிலேயே புகுகிறது.

எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1927ல் இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கினார். யந்திரம் வளர வளர மாடாய் உழைக்கும் ஆளுக்கு வேலை இராது, எனவே இந்த நகரம் பொய் என்றார். யந்திரம் மனிதன் சுமையைக் குறைக்கும் என்பது மெய். ஆனால் யந்திரம் யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்காவிட்டால், குறைவது சுமையல்ல, ஆட்கள். மீதி உள்ளவன் தலையில் வேலை இரட்டிப்பாகும்.

கடைசிக் கைகுலுக்கல்

படம் எப்படி முடிந்தது? தேவாலயப் படியில் முதலாளியும் தொழிலாளர் மேஸ்திரியும் கை குலுக்குகிறார்கள். முதலாளியின் மகன் நடுவில் நின்று இருவர் கையையும் சேர்த்து வைக்கிறான். மூளைக்கும் கைக்கும் இடையே இதயம் தரகு செய்ய வேண்டுமாம்!

நாம் கேட்கிறோம்: அதன் பிறகு என்ன மாறியது? கோபுரம் யாருக்குச் சொந்தம்? அவனுக்கே. தொழிலாளியின் வீடு எங்கே? வெள்ளத்தில். இரவு எங்கே படுப்பது என்றுகூட யாரும் பேசவில்லை. படிக்கட்டில் வந்த கூட்டத்தைப் பார்த்தீர்களா? முதல் காட்சியில் ஷிப்டுக்குப் போனதுபோலவே அணி வகுத்து வருகிறது. கதை சமரசம் என்கிறது. காட்சி அடிமைத்தனம் என்கிறது. காட்சிதான் உண்மை பேசுகிறது.

இந்த முடிவு வெறும் தேவதைக் கதை என்று லாங் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். ஆனால் ஜெர்மனியில் அது கதையோடு நிற்கவில்லை. இந்தப் படத்தின் செலவும் சேர்ந்து கடனில் மூழ்கிய ஊபா கம்பெனியை, முன்பு க்ரூப் ஆயுத ஆலையின் நிர்வாகியாக இருந்த ஹூகன்பர்க் 1927ல் கைப்பற்றினான். 1933 ஜனவரியில் ஹிட்லரின் முதல் மந்திரி சபையில் அவனும் உட்கார்ந்தான். 1933 மே 2ந் தேதி நாடெங்கும் தொழிற்சங்க ஆபீசுகளில் நாஜிக் குண்டர்கள் புகுந்தார்கள். 1934 ஜனவரியில் வந்த சட்டம், ஆலை முதலாளியே "தலைவன்", தொழிலாளர்கள் அவனைப் "பின்பற்றுவோர்" என்று எழுதியது. வர்க்கச் சமரசம் என்ற இனிப்புக்குள் இருந்த விஷம் இதுதான். கதை எழுதிய ஹார்பு நாஜிக் கட்சியில் சேர்ந்தார். லாங் 1933ல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

தோழர்களே! அதன் பிறகு எத்தனையோ எதிர்கால நகரங்கள் திரைக்கு வந்துவிட்டன. 1982ல் அமெரிக்காவில் வந்த "பிளேடு ரன்னர்" படம் 2019ம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் காட்டியது. அங்கேயும் கம்பெனி அதிபன் பிரமிடின் உச்சியில். ஜனங்கள் கீழே மழையிலும் நெரிசலிலும். 55 ஆண்டு கழித்தும் அதே மேல், அதே கீழ்!

இனி எந்த எதிர்கால நகரத்தின் படத்தை உங்களுக்குக் காட்டினாலும், சினிமாவில் காட்டினாலும் சர்க்கார் விளம்பரத்தில் காட்டினாலும், கோபுரத்தின் உயரத்தைக் கண்டு வாய் பிளக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கட்டுகிறவன் எந்தத் தளத்தில் குடியிருக்கிறான்? அவன் கடிகாரத்தில் எத்தனை மணி? இந்த நகரத்துக்குச் சோறு போடுகிறவன் எங்கே?

மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய நகரத்தை இதுவரை எந்த ஸ்டூடியோவும் கட்டவில்லை. அதைக் கட்ட வேண்டியவர்கள் ஆலையிலும் வயலிலும் உழைக்கிற நாம்தான்; அதுவும் தரகர் எவரையும் எதிர்பாராமல், சங்கமாகச் சேர்ந்து!