கனி துறந்தோர் மரம் காக்க



சமண இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களுள் ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளை விலக்குதலும் அடங்கும். அக்கனிகளுள் சிற்றுயிர்கள் வாழ்தலே விலக்கின் காரணம். சமணர் துறந்த அக்கனிகளை உணவாகக் கொண்டு, அம்மரங்களிலேயே தலைகீழாய்த் தொங்கி உறங்குவது பழந்தின்னி வௌவால்.

சிறகு விரித்தால் நான்கடி அகலம் காணும் இவ்வுயிர் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். குறைந்த கூட்டம் எளிதில் பெருகாது. இலுப்பை, இலவம் ஆகியவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கு வௌவால்கள் உதவுவதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். உண்ட கனியின் விதையைத் தொலைவில் உதிர்த்து, கூலி கேளாமல் காடு வளர்ப்பதும் இவையே.

இவற்றுக்கு வேண்டுவன உயர்ந்த பழமரங்கள், அருகே நீர், பகலில் அமைதி. வருசநாட்டு மலையில் பிறந்து மதுரையைக் கடக்கும் வைகையின் கரை, மருதும் நாவலும் புங்கும் அத்தியும் தழைத்தற்கு உரிய இடம். இன்றோ பல இடங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றது. அக்குறுமுள் மரம் பெருங்கூட்டத்தைத் தாங்காது. எஞ்சிய ஆலமரமும் சாலைக்காக வீழ்ந்தால் அவை எங்கே செல்லும்?

ஆஸ்திரேலியாவின் பெல்லிங்கன் என்னும் ஊரில், ஆற்றங்கரை மழைக்காட்டை அயற்கொடிகள் மூடி மரங்கள் மடிந்தன. தொண்டர்கள் அக்கொடிகளை அகற்றிக் காட்டை மீட்டனர். வௌவால்களின் உறைவிடமும் நிலைத்தது. வைகைக் கரைக்கும் அவ்வழி பொருந்தும். முதலில், நிற்கும் முதுமரத்தை வெட்டாது காத்தல் வேண்டும். இன்று நடும் கன்று உறைவிடமாகப் பல்லாண்டு செல்லும். அடுத்து, கருவேலத்தை நீக்கிய இடத்தை வெறுமையாய் விடாது நாட்டு மரங்களை நடுதல் வேண்டும்.

நோய் பற்றிய அச்சம் சிலர்க்கு உண்டு. வௌவாலைத் தொடாமையும், அது கடித்த கனியை உண்ணாமையும் தக்க காப்பு. விரட்டுவதால் கூட்டம் சிதறி ஊருக்குள் பரவுமேயன்றி அச்சம் தீராது. முன்னர் எலி, காகத்துடன் தீங்குயிர்ப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது பழந்தின்னி வௌவால்; 2022-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளின் பொருட்டுத் தீபாவளியில் வெடியைத் துறந்து வாழ்கின்றனர். மகாவீரர் முத்தியடைந்த அந்நாளை விளக்கேற்றி வழிபடும் சமணர்க்கு அந்நோன்பு புதிதன்று. வௌவால் தங்கும் மரத்தருகேயும் அது கைக்கொள்ளத் தக்கது.

சமண முனிவர் தவமிருந்த அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுக்குக் கிடைத்த காவல் ஆற்றங்கரை மரத்துக்கும் கிடைக்கட்டும். கேவலஞானம் பெற்ற ஆதிநாதருக்கு நிழல் தந்தது ஓர் ஆலமரம். ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் ஓர் ஆலமரத்தையேனும் காக்குமாயின், அவ்விலக்கும் அருளும் ஒருங்கே நிறைவுறும்.